பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிறவர்கள்

ப்ரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: கடைக்குள் வருகிற எல்லாரும் நமக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பிவிடுவார்கள். கடை வைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் படித்தது அஞ்சாப்பு. நாகல் நகரில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பிறகு ஊரெல்லாம் வைக்கிறார்களே என்று நானும் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். ஏதாவது நின்றுபோனால் அணைத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் எதிர்வீட்டு ஜெனிட்டா பார்த்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு நான் பட்ட நன்றிக்கடனில்தான் இந்தக் கதையே வருகிறது.

கூப்பிடாத வீடு

ஜெனிட்டா கம்ப்யூட்டர் படிப்பு முடித்திருந்தாள். அவள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகளும் பி.எட். முடித்து வாத்தியாராக வேண்டும் என்பது அவர் முடிவு. இவளோ சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி அதைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் வேலை, இல்லையென்றால் ஜூன் மாதம் பி.எட். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம் அப்படி. பாதிதான் முடிந்திருக்கிறது, ஆட்கள் விளையாடிப் பார்த்துச் சொன்னால்தான் குறை தெரியும் என்று என் கடையில் ஏற்றிவைத்தாள். முதல் ஆள் நான்.

கேமில், மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களா. அறை அறையாகப் போய், ஒளித்துவைத்த சாமானைத் தேடி, பூட்டைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்ட பெரியவரைக் காப்பாற்ற வேண்டும். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. நான் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். செத்த நேரம் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, உள்ள போகலையா?" என்றாள். "ஆளைக் காணோமே தாயி, யாரும் கூப்பிடாம அடுத்தவுக வீட்டுக்குள்ள எப்படிப் போறது?" என்றேன்.

தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, அது பேய் பங்களா. யாராச்சும் கூப்பிட்டாத்தான் நீங்க ஓடணும்."

தக்காளி மண்டிக்காரர்

ஒட்டன்சத்திரத்துத் தக்காளி மண்டிக்காரர் ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் மகனின் மெயிலைப் பார்க்க வாரம் தவறாமல் வருவார். மெயில் வரத் தாமதமானால் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரைப் பங்களாவுக்குள் இறக்கிவிட்டேன். மனிதர் மெயிலையே மறந்துவிட்டார். விளக்கைக் கண்டுபிடித்தார், ஏணியைக் கண்டுபிடித்தார், நிலவறைக்குள் இறங்கினார். கரண்ட் போனது.

கரண்ட் திரும்ப வந்தபோது விளையாட்டில் பழையபடி பங்களா வாசலில் நின்றுகொண்டிருந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர ஜெனிட்டா இன்னும் வழி செய்திருக்கவில்லை. அவர் கோபப்படவில்லை, என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, தக்காளி கொட்டுச்சுன்னாக் குனிஞ்சு பொறுக்கலாமுங்க. இத எங்க போயிப் பொறுக்கறதுங்க?"

அன்றைக்கே ஜெனிட்டா உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள்.

பெட்டியில் ஒரு சேலை

சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி ஒருவர், புது டிசைனைப் படம் பிடித்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்ப வருவார். பேச்சில் யாரையும் விடமாட்டார். அவரையும் விளையாட வைத்தோம். பங்களாவில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு சுங்குடிச் சேலை. சேலையை நகர்த்தினால் அடியில் சாவி. எல்லாரும் நகர்த்தினார்கள். இவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"சேலையை ஒதுக்குங்கண்ணே, சாவி இருக்கு," என்றாள் ஜெனிட்டா.

"சாவி கெடக்கட்டும் பாப்பா. புள்ளியெல்லாம் ஒரே அளவா இருக்கு பாரு. கையில முடிச்சுப் போட்டா இப்படியா வரும்? இது மிஷின்ல அச்சடிச்சது. இதைச் சுங்குடின்னு பெட்டிக்குள்ள வச்சிருக்கவனை நான் காப்பாத்த மாட்டேன்." எழுந்து போய்விட்டார்.

எல்லாரும் மாட்டிக்கொண்ட அறை

இதெல்லாம் சிரிப்புத்தான். சிரிக்க முடியாத ஓர் இடமும் இருந்தது. கடைசி அறைக்கு ஒரு திருடன் பின்னாலேயே வருவான். அறைக்குள் போனதும் கதவைப் பூட்டிவிட்டால் அவனால் வர முடியாது. பூட்டின் மேல் மவுஸை ஒரு தடவை அழுத்தினால் பூட்டும், அவ்வளவுதான். ஆனால் அதுவரை வந்த அத்தனை பேரையும் திருடன் பிடித்தான். என்னையும் பிடித்தான். "பூட்டினேனே" என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஜெனிட்டா விளையாடினால் மட்டும் கதவு கல்லாக நின்றது.

சென்னைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த அறையையே எடுத்துவிடுகிறேன் என்றாள். அந்த அறை போனால் விளையாட்டில் உயிர் எங்கே இருக்கிறது?

அந்த நேரத்தில் வாத்தியார் வந்தார். பி.எட். விஷயமாக மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவள் வேலையாக இருக்கவே, "சும்மா நிக்கிறதுக்கு ஒரு தடவை உக்காந்து பாருங்கய்யா," என்றேன். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். ஆனால் வாத்தியார் இல்லையா, பரீட்சை மாதிரி ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போய்விட்டார். கடைசி அறை. பூட்டை அழுத்தினார். கதவு பூட்டியது. நகர்வதற்கு முன்னால் பூட்டை இன்னொரு தடவை அழுத்தினார். திருடன் உள்ளே வந்தான்.

ஜெனிட்டா பின்னால் நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பூட்டினப்புறம் எதுக்கு மறுபடி தொட்டீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பூட்டிட்டு, விழுந்துச்சான்னு இழுத்துப் பாக்காம எவம்மா போவான்?"

டொக்

பூட்டுச் செய்கிற ஊர் எங்களுடையது. பட்டறை வாசலையே மிதிக்காதவன்கூடப் பூட்டினால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவான். நாங்கள் இழுத்துப் பார்த்தோம், கம்ப்யூட்டர் அதைத் திறக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. ஜெனிட்டாவுக்கு இரண்டாவது தடவை அழுத்தினால் திறந்துவிடும் என்று தெரியும், அதனால் அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அறையை எடுக்கவில்லை. பூட்டியபின் தொட்டால் பூட்டு ஓர் ஆட்டம் ஆடி 'டொக்' என்று நிற்கும்படி மாற்றினாள். அந்தச் சத்தத்துக்காக என் கடைப் பூட்டைத்தான் இழுத்துப் பதிவு செய்தாள்.

ஜெனிட்டா சென்னைக்குப் போன அன்று வாத்தியார் என் கடையைவிட்டு நகரவில்லை. பேப்பரைப் பக்கம் புரட்டாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூத் போன் அடித்தது. "அத்தை, எடுத்துக்கிட்டாங்க. மிச்சத்தையும் இங்கயே இருந்து முடிக்கச் சொல்லிட்டாங்க. இங்க விளையாடிப் பாத்த சாரும் இழுத்துத்தான் பாத்தாரு. டொக்குன்னதும் சிரிச்சுட்டாரு."

போனை வாத்தியாரிடம் கொடுத்தேன். மகள் சொன்னதை எல்லாம் கேட்டார். ஊருக்கே பாடம் சொல்கிறவர் கடைசியில் கேட்டார்: "சாப்டியாம்மா? சோத்துக்கு வெஞ்சனம் என்ன?"

அந்தப் பங்களாப் பெரியவரை நான் இன்றுவரை காப்பாற்றவில்லை, ஆனால் அவர் அறை நன்றாகப் பூட்டியிருக்கிறது, இழுத்துப் பார்த்துவிட்டேன்.