மாலைக்குக் கீழே என் பெயர்

தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'எவன்டா இதை எழுதறான்?' என்கிற பெயரில்தான் தெரியும்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வீட்டில் அந்தப் பெயரை முப்பது வருஷம் விடாமல் உச்சரித்தவர் என் கணவர். சாயங்காலம் தட்டோடு டி.வி. முன்னால் உட்காருவார். திட்டுவார். ஆனால் ஒரு நாள்கூடப் பார்க்காமல் இருக்க மாட்டார். அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, பள்ளிவாசல் என்கிற தேயிலைத் தோட்டத்து மலை ஊரில் எடுக்கப்போகும் ஒரு தொடருக்குப் புது எழுத்தாளர்கள் வேண்டும் என்ற அறிவிப்பு என் போனுக்கு வந்தது. எனக்கு வயது அறுபத்தேழு. தமிழ் எம்.ஏ. படித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரி நாளில் எழுதிய கவிதைகள் இரும்புப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கின்றன.

திரையில் ஒரே ஒரு தடவை என் பெயர் வந்துவிட்டால், சுவரில் மாலையோடு இருக்கிற மனிதரிடம் "நாந்தானுங்க எழுதறேன்" என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு ஆசையில்தான் கிளம்பினேன். தொடர் பார்த்து அவதிப்படுகிறவர்களே, எழுதி அவதிப்பட்டவளின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். என்னை பஸ் ஏற்றிவிட வந்தவள் நாத்தனார் கமலம். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங் நங்கை, ஊட்ல எடமில்லாமயா அழுவறதுக்கு மலைமேல போறீங்க?"

மூன்று பேர், இரண்டு நாற்காலி

படப்பிடிப்பு நடந்தது ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில். எழுத்தாளர்களுக்குக் கொடுத்த இடம், அதன் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை. ஏலக்காய் மூட்டைகள் போன பிறகும் வாசனை போகாத அறை அது. அங்கே நாங்கள் மூன்று பேர்: பாலக்காட்டு ஜவுளிக்கடையிலிருந்து ரஹ்மத், சூரியநெல்லியிலிருந்து ஜீப் டிரைவர் ஜெபராஜ், அப்புறம் நான்.

இயக்குநர் முரளி சென்னைக்காரர். என் மகன் வயது இருக்கும். வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் மூவரும் எழுதலாம். மாதக் கடைசியில் இரண்டு பேர்தான் தங்குவார்கள். அந்த இரண்டு பெயர்தான் 'வசனம்' என்று திரையில் வரும். வெளியே தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. ஜெபராஜ் கையைத் தூக்கிக் கேட்டான்: "மூணாவது ஆளுக்குக் கடைசி நாள் மத்தியானச் சாப்பாடு உண்டா சார், இல்ல வெறும் வயித்தோட எறங்கணுமா?"

கடைசியில் பிரிக்கிற சேலை

முதல் வேலையாக மூவருக்கும் ஒரே காட்சியைக் கொடுத்தார்கள். அலமாரியில் ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது, "இது யார் எழுதினது?" என்று மனைவி கேட்கிறாள். நான் எழுதிய கணவன் மூன்றாவது வரியிலேயே உண்மையைச் சொல்லி அழுதுவிட்டான். ரஹ்மத் எழுதிய கணவன் தண்ணீர் கேட்டான், மின்விசிறியை நிறுத்தினான், தம்பிக்குப் பெண் பார்த்த விஷயம் பேசினான், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனான். கடிதம் யாருடையது என்று நாலாவது எபிசோடில்தான் தெரிந்தது. முரளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

ரஹ்மத்துக்கு முப்பத்தெட்டு வயது. கல்லூரிக்கு அனுப்பியிருந்தால் எனக்கே பாடம் எடுத்திருப்பாள். அத்தாவின், அதாவது அப்பாவின், கடையில் பதினைந்து வருஷம் சேலை பிரித்துப் போட்டவள். இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று கேட்டேன். "இதுல என்ன வித்தை டீச்சர்? கேட்ட சேலைய மொதல்லயே பிரிச்சிட்டா பாத்துட்டுப் போயிருவாங்க. முப்பது சேலைய எறக்கிப் போட்ட பொறவு எடுக்கணும். அப்பத்தான் எந்திரிச்சுப் போக அவங்களுக்கே வெக்கமா இருக்கும்."

ஏரோதுவின் தொப்பி

ஜெபராஜ் எழுத வந்த வழி வேறு. அவன் அம்மா அப்பா இருவரும் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, ஜீப்பில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கி வளர்ந்தவன். அவர்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்தைப் பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறவன் அவன்தான். வருஷா வருஷம் அதில் வரும் ஏரோது ராஜா அரைக்கால் சட்டையும் வட்டத் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் கொழுந்துக் கணக்கு நோட்டோடு, "இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று அதட்டிக்கொண்டே கொல்வதற்குப் பச்சைக் குழந்தைகளைத் தேடுவாராம். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் மேனேஜரும் அதே தொப்பிதான் போட்டிருப்பார். லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்கும். அவர் விழுந்து விழுந்து சிரிப்பாராம்.

போன வருஷம் நாடகம் முடிந்ததும் மேடைக்கே வந்து, ஏரோதுவின் தொப்பி கிழிந்திருக்கிறது என்று வருத்தப்பட்டு, தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது ஜெபராஜ் முகம் தொங்கிப்போனது. "அன்னைக்கே எழுதறத விட்டிருக்கணும் டீச்சர். திட்டு வாங்குனவருக்கே புரியலைன்னா, நான் எழுதுனதெல்லாம் என்ன எழுத்து?"

அடைப்புக்குறிக்குள் மௌனம்

என் கதைக்கு வருகிறேன். என் பாத்திரங்கள் பேசுவதைவிட நிறுத்துவது அதிகம். பக்கத்துக்கு ஏழெட்டு இடத்தில் (மௌனம்) என்று எழுதுவேன். ஒரு காட்சியில் மருமகள் ஜன்னலோரம் நின்று, "மழை விட்ட பிறகும் கூரை பேசிக்கொண்டே இருக்கிறது" என்பாள். நாற்பது வருஷமாக மனசில் வைத்திருந்த வரி. கதாநாயகியாக நடித்த பெண் நல்ல பிள்ளை. தாளோடு என்னைத் தேடி வந்து, "இது கான்கிரீட் வீடாச்சே அம்மா, எந்தக் கூரை பேசுது?" என்று கவலையாகக் கேட்டாள்.

இரண்டு வாரத்தில் என் காட்சிகள் ஏழு திரும்பி வந்தன. மூன்றாவது ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரஹ்மத் எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை கூடப் போட ஆரம்பித்தாள். நானும் புடவைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினேன். முரளி கடைசித் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா, அஞ்சு செகண்டு சத்தம் இல்லேன்னா ஜனங்க டி.வி. கெட்டுப்போச்சுன்னு அதோட தலையில தட்டுவாங்க."

செத்தவர் தேவை

கதையில் ஒரு மாமியார் உண்டு. தொடர் தொடங்கும் முன்பே செத்துப்போனவர். கூடத்துச் சுவரில் அவர் படம் மாலையோடு தொங்க வேண்டும். இது இல்லாமல் தமிழ்த் தொடர் ஏது? ஆனால் படத்துக்கு முகம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. நடிகைகள் அபசகுனம் என்றார்கள். மேக்கப் செய்கிற அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டார். கூட்டத்தில் நிற்க வந்திருந்த தோட்டத்து அம்மாளைக் கேட்டதும், "பென்ஷன் பேப்பரே இன்னும் கைக்கு வரல, அதுக்குள்ள மாலையா? ஆபீஸ்ல பாத்தாகன்னா பேரை அடிச்சிருவாக!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டாள்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன போயிற்று? எப்படியும் கிளம்பப்போகிறவள். ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம் கைப்பையில் இருந்தது, கொடுத்தேன். நிஜப் பூ போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தலையாட்டிவிட்டு பிளாஸ்டிக் செவ்வந்தி மாலையைப் போட்டார்கள். முரளி நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, மனசார, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "அம்மா, உங்களுக்கு இது ரொம்பப் பொருத்தமா இருக்கு."

கேஸ் தீர்ந்துபோச்சு, அத்தை

படம் மாட்டினால் அதன் முன்னால் மருமகள் அழ வேண்டும். மூவரும் எழுதினோம். ஜெபராஜின் மருமகள் அந்த வீட்டையும் மலையையும் மாமியாருக்கே சுற்றிக் காட்டினாள். ரஹ்மத்தின் மருமகள் படத்திடம் பேரம் பேசினாள். கடைசியில் மாமியார்தான் இறங்கி வருவார் போலிருந்தது.

நான் யோசித்து ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் என் கணவர் படத்திடம் தினமும் சொல்வதைத்தான் எழுதினேன். 'ஏனுங்க' என்ற இடத்தில் 'அத்தை' என்று மாற்றினேன். "கேஸ் தீர்ந்துபோச்சு, அத்தை. சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம். (மௌனம்.) உங்க குடை கதவுக்குப் பின்னாலயே இருக்கு. நேத்து மழைக்கு எடுத்துட்டுப் போனேன், திட்டாதீங்க. (மௌனம்.) திட்டுங்களேன்."

முரளி பேனாவை எடுத்து (மௌனம்) மேல் வைத்தார். பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். படம் எப்படிப் பதில் சொல்லும்? அடிக்கவில்லை. அந்தக் காட்சி எடுத்து முடிந்தபோது லைட் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் விளக்கை அணைக்காமல் நின்றார். அப்புறம் கேட்டார்: "சார், ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துர்றேன், ரெண்டு நிமிசம்."

ஜீப்பின் பின் சீட்

மாதம் முடிந்தது. முரளி வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல காட்சிக்காக ஏழு திரும்பிய காட்சிகளை மறக்க முடியுமா என்று அவருக்குச் சந்தேகம். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அப்போது ரஹ்மத் கடைக்காரியானாள். "டீச்சரை அனுப்புங்க சார். போகும்போது அவங்க படத்தையும் கழட்டிட்டுப் போவாங்க. பன்னிரண்டு எபிசோடுல தொங்கியாச்சு. இனி செத்தவங்களுக்கு எங்க போவீங்க?" முரளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். என் பெயரும் ரஹ்மத் பெயரும் என்று முடிவானது. ஜெபராஜ் எழுந்து எங்கள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான் தங்கியதால் போனவன் அவன்.

மறுநாள் காலை மூன்றாவது நாற்காலியை எடுத்துப் போயிருந்தார்கள். ஒன்பது மணிக்கு வாசலில் ஜீப் சத்தம். ஜெபராஜ் தன் வண்டியின் பின் சீட்டைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் அதைப் போட்டு, அதன் சாய்மானத்தில் ஏரோதுவின் தொப்பியை மாட்டி, உட்கார்ந்து, தாளை எடுத்தான். முரளி வாசலில் நின்று பார்த்தார். ஜெபராஜ் தலையைத் தூக்காமலே சொன்னான்: "சீட்டு கொண்டாந்துட்டேன் சார். எடம் மட்டும் குடுங்க."

பெயர்

குடுத்தார். மூன்று பெயரும் வருவதென்று ஆனது; வயதில் மூத்தவள் என்பதால் முதலில் என் பெயர். முதல் நாள் ஒளிபரப்பின்போது டி.வி.யை என் கணவர் படத்துக்கு நேராகத் திருப்பி வைக்கும்படி கமலத்திடம் சொல்லியிருந்தேன். ஆனால் தொடர் எப்படித் தொடங்கும் என்பது எனக்குத் தெரியாது. காமிரா முதலில் கூடத்துச் சுவரை நெருங்குகிறது. மாலையோடு என் படம், திரை முழுக்க. சோகமான புல்லாங்குழல். சரியாக அந்த நேரத்தில் மாலைக்குக் கீழே எழுத்து விழுகிறது: செ. மரகதம். 'வசனம்' என்ற சொல் சின்னதாக மூலையில் இருந்ததாம், யார் பார்த்தார்கள்?

மறுநாள் காலை கமலம் வீடியோவில் கூப்பிட்டாள். எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தெருவே துக்கம் விசாரிக்க வந்திருந்தது. "உசுரோடதான் இருக்கறாங்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க நங்கை, மொகத்தக் காட்டுங்க!" காட்டினேன். அவள் போனை வீட்டுக்குள் திருப்பினாள். மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுவரில் அவர், எதிரே டி.வி.யில் நான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் மாலையோடு எதிரெதிரே நின்றது அன்றுதான். நான் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை, "நாந்தானுங்க" என்று தொடங்கினேன்.

அதற்குள் எதிர்வீட்டுப் பழனிச்சாமி போனை வாங்கிக்கொண்டார். என் கணவரோடு உட்கார்ந்து தினமும் தொடர் பார்த்தவர். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். துக்கம் வீணான வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "உசுரோட இருக்கறீங்களா? செரி, செரி. அப்ப இந்தக் கண்றாவியெல்லாம் எழுதறது நீங்கதானுங்களா?"

எழுதியவருக்குச் செத்த பிறகுதான் பெயர் வரும் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு உண்மையில் சாக வேண்டியதில்லை, பிளாஸ்டிக் செவ்வந்தி மாலை ஒன்று போதும் என்பதைப் பள்ளிவாசலில்தான் கற்றுக்கொண்டேன்.