கயிறில்லாத கிணறு

அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதுதான் அந்த வருடம் முழுக்க என் வேலை. யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. வயலுக்குப் புறப்படும்போது அப்பா சைக்கிளை உருட்டியபடி, "அம்மாவோட நில்லு பிள்ளை, எங்கையும் விட்டிட்டுப் போகாதை" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார். காரணம் சொல்லாத வேலையைப் பிள்ளைகள் கூடுதலாகவே செய்துவிடுகிறார்கள். கதவு நிலையில் ஒட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அம்மாவின் முதுகைப் பார்த்தபடி நிற்பேன். ஏறும். இறங்கும். அடுத்தது வரத் தாமதித்தால் என் மூச்சு நின்றுவிடும்.

தம்பி பிறந்து தங்காமல் போனதிலிருந்து அம்மா அப்படித்தான். உலை வைப்பார், இறக்க மறப்பார். தலை பின்னத் தொடங்கிப் பாதிப் பின்னலோடு இருந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள். உடம்பை அசைக்க வேண்டும், யாராவது கதைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்களாம். அப்பாவுக்குக் கதை வராது. தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கிணற்றடியிலிருந்த கயிற்றையும் வாளியையும் கழற்றி அடுத்த வளவு மாமி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். விடிய முன்னம் வாங்கி வந்து, தானே தண்ணீர் அள்ளிக் குசினி வாசலிலிருந்த தண்ணீர்ப் பரலை நிரப்பிவிட்டு, திரும்பவும் கொண்டுபோய்க் கொடுப்பார். அம்மாவுக்கு அள்ளுகிற கஷ்டம் இருக்கக்கூடாதென்று நினைக்க அம்மாமேல் எவ்வளவு பட்சம் என எனக்கு அப்பாமேல் பெருமை.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பளையிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு சுருட்டிய பாய். அதோடு ஆசிரிய கலாசாலையில் பழகிய யோகாசனம்.

"எழும்புங்கோக்கா."

அம்மா எழும்பவில்லை. சின்னம்மாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். சில நாட்கள் இரண்டுபேருமாகச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலை இரண்டுபேரும் பாயில் எழும்பி இருந்தார்கள்.

"மூச்சை இழுங்கோ... விடுங்கோ. அவசரப்படாதேங்கோ, மூச்சு எங்கையும் பஸ் பிடிக்கப் போகேல்லை."

அப்பா வாசலில் நின்று, "வயலுக்கை குனிஞ்சு நிமிர்ந்தாக் காணாதோ?" என்றார்.

"அத்தான், நீங்கள் குனியிறது நெல்லுக்கு. அக்கா கொஞ்ச நேரம் தனக்காகக் குனியட்டும்."

குனிவதும் நிமிர்வதும் எனக்குப் பிடித்திருந்தது. முடிவில் வருவதுதான் பயம். மல்லாக்கப் படுத்து, கைகளைத் தளர விட்டு, கண்ணை மூடி, அசையாமல் கிடப்பது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஹோலின் நடுவே அப்படிக் கிடத்தப்படுகிறவர்கள் திரும்ப எழும்புவதில்லை. அவர்களுடைய கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருப்பார்கள். அதனால் நான் அம்மாவின் கால்மாட்டில் குந்தியிருந்து விரல்களையே பார்ப்பேன். விலகியிருந்தால் உயிரோடு இருக்கிறார். இப்போது கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நானும் அப்படிப் படுக்கிறேன். என் வயதுப் பெண்கள் சுற்றிவரக் கண்மூடிக் கிடக்க, நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என் கால்விரல்களைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மனம் ஒருமிக்கட்டும் என்று சின்னம்மா குத்துவிளக்கைக் கொளுத்தி அம்மாவின் தலைமாட்டில் வைத்தார். அக்காவின் மூச்சைத் தவிர வேறெதையும் யோசிக்காதவருக்கு, அந்த விளக்கு என்ன சொல்லும் என்பது தோன்றவில்லை. பக்கத்தில் அவரும் கண்மூடி இருந்தார். கால்மாட்டில் நான்.

சுளகைத் திருப்பித் தர வந்த அடுத்த வளவு மாமி, வாசலில் நின்று விளக்கையும் அசையாமல் கிடந்த அம்மாவையும் எங்கள் இருவரையும் பார்த்தார். சுளகு கீழே விழுந்தது.

"ஐயோ என்ரை ராசாத்தி! கடைசியிலை போயிட்டியேடி!"

படலையில் சைக்கிளோடு நின்ற மாமியின் புருஷன், அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே வராமலே வயல் பக்கம் மிதித்தார். மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு பாயில் விழ, அம்மா கண்ணைத் திறந்தார்.

"மாமி, நான் இன்னும் போகேல்லை."

மாமி ஒருமுறை கத்திவிட்டு, பிறகு அம்மாவின் கன்னங்களைப் பிடித்துப் பார்த்தார். "உயிரோடை இருக்கிறவளுக்கு ஆரடி தலைமாட்டிலை விளக்கு வைச்சது?"

"மூச்சுப் பயிற்சி நடக்குது, நீங்கள் வந்து செத்தவீடு நடத்திறியள்!" என்று சின்னம்மா பாய்ந்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கிச் சாமித்தட்டில் வைத்தார்.

அப்போதுதான் அப்பா ஓடி வந்தார். வீட்டுக்கு ஓடு என்று மட்டுந்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. முழங்கால்வரை சேறு. வாசலில் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம்; அவர் எங்களைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். கிணற்றுக் கட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே குனிந்தார். அப்படியே நின்றார்.

அம்மா குசினி வாசலால் இறங்கி நடந்தார். அத்தனை விரைவாக அவர் நடந்து நான் பார்த்து எவ்வளவோ காலம்.

"இஞ்சையப்பா, நான் இஞ்சை நிக்கிறன்."

அப்பா திரும்பினார்.

"கால் கழுவ வந்தனான்."

கயிறுமில்லை, வாளியுமில்லை. நான் நம்பினேன். அவ்வளவு சேறு.

அம்மா அவரையும் கயிறில்லாத கப்பியையும் பார்த்தார். பரலிலிருந்து செம்பில் தண்ணீர் கோலி வந்து, அவருடைய கால்களில் ஊற்றினார். அப்பா ஒரு கையால் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சேறு வழுக்கும் என்று எண்ணினேன்.

"கயிறைக் கொண்டந்து போடுங்கோ," என்றார் அம்மா.

கயிறு வரவில்லை. குளிசையும் பாயும் தொடர்ந்தன. நல்ல காலைகளும், பின்னல் பாதியில் நின்ற காலைகளும் மாறி மாறி வந்தன. சின்னம்மா பளைக்குத் திரும்பிய பிறகும் அம்மா தனியாகப் பாயை விரித்தார். அப்பா வயலுக்குப் பிந்திப் போகத் தொடங்கினார்; அம்மா எழும்பும்வரை சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிட்டிய ஒரு காலை, கப்பி கிறீச்சிடும் சத்தத்தில் விழித்தேன். கிணற்றடியில் அம்மா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. அப்பா சற்றுத் தள்ளி, ஒன்றும் செய்யாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை கொடுக்கக்கூடவில்லை.

அம்மாவுக்குத் திரும்பவும் இந்த வேலையை வைத்துவிட்டாரே என்று, அன்று பொழுதுபடும்வரை நான் அப்பாவோடு கதைக்கவில்லை.