போன் பச்சை காட்டிய காற்று

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் எங்கள் ஒழுங்கைக்கு மேற்கே உள்ள அரிசி ஆலையின் உமித்தூசு நேராக எங்கள் முற்றங்களுக்கு வந்துவிடும். ஆலைக்காரர் உமியை வெட்டவெளியில் மலைபோலக் குவித்திருந்தார். எனக்கோ நெடுநாளாக முட்டு வருத்தம். தூசு பட்டால் மூச்சு இழுக்கும்.

கொழும்பில் படிக்கும் மகள் என் போனில் காற்றின் தரம் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டுத் தந்திருந்தாள். சிவப்பு வந்தால் வெளியே போகக்கூடாது, பச்சை வந்தால் பயமில்லை. ஆனால் அது எங்கோ தூரத்தில் அளந்த காற்று. அது பச்சை காட்டிய ஒரு பகலில்தான் எனக்கு மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்தார்கள்.

"தூசுப் பக்கம் போகாதீங்க" என்றார் டொக்டர்.

"நான் போகல்ல டொக்டர். அதுதான் என்ட ஊட்டுக்கு வருது."

வீட்டுக்கு வந்ததும் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு அக்கரைப்பற்றுல உன்ட ராத்தாட ஊட்ட போய் இரி புள்ள."

"தூசு போகட்டும். நான் ஏன் போகணும்?"

மறுநாள் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைத் துவைத்துக் கொடியில் போட்டேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது சாம்பல் நிறமாகிவிட்டது. அப்படியே மடித்துக்கொண்டுபோய் ஆலைக்காரரின் மேசையில் விரித்தேன். ஊரில் எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் அழைப்போம்.

அவர் விரிப்பைப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்து நீட்டினார். "பாருங்க தங்கச்சி, பச்சை. காத்து நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இந்த விரிப்புல படுத்து ஒருக்கா மூச்சு எடுத்துக் காட்டுங்க, ஹாஜியார்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒழுங்கையில் இருமாத பிள்ளை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த காலை ஆலை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம், எல்லோரும் பெண்கள். நெல் ஏற்றி வந்த உழவு இயந்திரங்கள் றோட்டில் வரிசையாக நின்று ஹோன் அடித்தன. எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. முந்தானைக்குள் இருந்த, முட்டுக்கு மருந்து அடிக்கும் பம்பை எடுத்து, எல்லோரும் பார்க்கவே வாயில் வைத்து அடித்துக்கொண்டேன்.

ஹாஜியார் வந்தார். "பொம்புளைகள் றோட்டுல குந்துறது அழகா?"

"எங்கட புள்ளைகள் இருமுறது அழகா?" என்றேன்.

வெயில் ஏறிய பிறகு கணவரும் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நெல் வண்டிகளின் வரிசை நீண்டுகொண்டே போக, நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் ஹாஜியார் இறங்கி வந்தார். உமிக்குக் கூரை போட்டு, சுற்றித் தகரம் அடிக்கும்வரை ஆலையை ஓட்டுவதில்லை என்று எல்லோர் முன்னும் ஒத்துக்கொண்டார். சொன்னபடி செய்தும் விட்டார்.

தூசு முழுதாக நின்றுவிடவில்லை. எனக்கு இன்னும் பம்ப் வேண்டும். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.