குழாயை அறுத்த வருஷங்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிற ஒருத்தி சுரங்கத்தைக் குறை சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. நாங்கள் கரைத்து அச்சில் ஊற்றிய வெள்ளைக் களிமண் அங்கிருந்துதான் லாரியில் வந்தது. பழுப்புக் கரிக்கு மேலே கிடந்த மண்ணை அவர்கள் தோண்டி ஒதுக்கினார்கள், நாங்கள் அதைச் சூளையில் வேகவைத்துப் பிழைத்தோம். எங்கள் கொட்டகையில் பொம்மையும் டீக் கோப்பையும் செய்தது போக, அறுபதுகளின் நடுவில் கரண்டு ஃபியூஸ் கட்டைக்குத்தான் ஆர்டர் அதிகம். அச்சிலிருந்து எடுத்த ஈரக் கட்டையின் ஓரத்துப் பிசிறை நனைத்த பஞ்சால் துடைத்து எடுப்பது என் வேலை. அக்காவின் கழனி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நானும் சுரங்கத்துக்கு ஜே போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் எங்கள் டவுனுக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரிக் காட்டைத் தாண்டி நடக்கவேண்டும். அந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு அப்போது மோட்டாரும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம். ஆழமாக ஒரு இரும்புக் குழாயை இறக்கிவிட்டால் தண்ணீர் தானாக மேலே ஏறி வந்து கொட்டும். ஊற்றுக்குழாய் என்பார்கள். அக்காவின் கழனியில் அது ஆள் உயரத்துக்கு நின்றது. மேட்டுக் கழனி, ஏரித் தண்ணீர் அங்கே ஏறாது. அந்தக் குழாய் ஒன்றுதான் கதி. மாமாவுக்கு வேறு நிலம் கிடையாது. ஆனாலும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து நான் டவுனில் ரேஷன் வரிசையில் இடிபட்ட வருஷத்தில்கூட அக்கா வீட்டில் உலை கொதிக்காத நாள் இல்லை. அந்தத் திமிர் அவளுக்கு நிறைய இருந்தது. எனக்கும் அதில் பெருமைதான்.

ஒரு மாசி மாதம் ஊருக்குச் சுரங்கத்து ஜீப் வந்தது. கரி பூமிக்கடியில் எதுவரைக்கும் ஓடுகிறது என்று பார்க்க, ஏரிக்கு மேற்கே இருந்த மேய்ச்சல் புறம்போக்கில் துளை போடவேண்டுமாம். கரி இருந்தால் பிற்பாடு அந்த நிலத்தை எடுத்துக்கொள்வார்களாம். சர்க்கார் நிலம்தான், கேட்காமலே செய்திருக்கலாம். இருந்தாலும் ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். கேட்டதே பெரிய மனசு என்று பலபேர் உருகிப்போனார்கள். எனக்கு அங்கேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. லீவு போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எழுந்தது மாமாதான். அவர் அதிகம் பேசாதவர்.

"ஊரு மாடு முச்சூடும் அங்கதாங்க மேயுது. ஏரிக்குத் தண்ணி வர்ற ஓடையும் அதுக்குள்ளதான் இருக்குது. அத எடுத்துக்கிட்டா மாட்ட எங்க ஓட்டறது, ஏரிக்கு என்னா வழி?"

மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். அவர் மகனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. "மாடு மேய்ஞ்சி இந்த ஊருல எந்த வூட்டுல வெளக்கு எரிஞ்சிச்சி? அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் கரண்டு வந்துட்டுது. நாம இன்னும் லாந்தர் சிமிளிய தொடச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறோம். வெறும் பொறம்போக்கு, முள்ளும் கல்லும். குடுத்தா என்னா கொறஞ்சிடும்?"

பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்று கத்தல் ஏறியது. இரண்டு பக்கத்திலும் சரி இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. படிக்கிற பிள்ளைக்கு விளக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள். "கரி எடுத்தா எங்க குழா தண்ணி என்னாங்க ஆவும்?"

ஜீப்பில் வந்தவர்களில் நடுவயது என்ஜினீயர் ஒருவர் இருந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. "கரிக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு நிக்குதும்மா. அந்தத் தண்ணியாலதான் உங்க குழாயும் கொட்டுது. அத எறைச்சு அழுத்தத்தக் கொறைச்சாத்தான் கரியில கை வைக்க முடியும். எறைச்சா சுத்துவட்டாரத்துல கொறையத்தான் செய்யும். எவ்வளவுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அவர் சொன்னதை ஊர் காதில் வாங்கியிருந்தால் போதும். தண்ணீர் குறையும் என்று ஒருவர் சொல்கிறார், பத்து அடி தள்ளி வாய்க்காலில் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடுகிறது. எதை நம்புவார்கள்? துளையை மட்டும் போட்டுப் பாருங்கள், நிலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று கூட்டம் கலைந்தது.

துளை போட ஆரம்பித்த கொஞ்ச நாளில் அது நடந்தது. இரும்புத் தண்டை வெளியே எடுத்தபோது சேறும் மணலும் கக்கிக்கொண்டு தண்ணீர் மேலே பாய்ந்தது. பனை உயரம் என்று சிலர் சொன்னார்கள், நான் பார்த்தபோது அதில் பாதி இருக்கும். புறம்போக்கு முழுக்கச் சேறாகி, மாடுகள் மிரண்டு ஓடின. ஊர் ஓடி வந்தது. கற்பூரமும் வந்தது. "ஆத்தா பொங்கி வந்துட்டா" என்று யாரோ சொன்னதும் மஞ்சளை எடுத்துக்கொண்டு முதலில் போனது என் அக்காதான். துளையில் இறக்கியிருந்த இரும்புக் குழாய்க்குப் பொட்டு வைத்து, கும்பிட்டு, தலையில் அந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டாள். நான் கையை நீட்டிப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, கந்தகம் மாதிரி லேசாக ஒரு வாடை.

அடியில் கரி இருந்தது. பார்த்து முடித்த துளையைச் சிமெண்டு போட்டு அடைப்பது அவர்கள் வழக்கம். அடைக்க வந்த ஆட்களை ஊர் மறித்துவிட்டது. திரும்பவும் கூட்டம். இந்தத் தடவை எதிர்ப்பு என்று பேச ஒருவரும் இல்லை. புறம்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் குழாயை மட்டும் மூடாமல் விட்டுவிட்டுப் போங்கள், எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். மாமாவும் அதையேதான் சொன்னார். மாட்டுக்கும் ஆயிற்று, ஏரிக்கும் ஆயிற்று என்று அவர் கணக்கு.

அந்த என்ஜினீயர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். "இது புதுத் தண்ணி இல்லீங்க. உங்க கழனிக் குழாயில வர்ற தண்ணியேதான். இத தொறந்து விட்டா அது எளச்சிப்போவும்."

அவர் போனதும் மளிகைக்கடைக்காரர் சொன்னார், "தண்ணிய நமக்கு உட அவங்களுக்கு மனசு வரல, பாத்தீங்களா." ஊர் ஆமாம் என்றது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "நீ டவுனுக்காரி, ஒனக்கு என்னா தெரியும், சும்மா இரு" என்று அக்கா அதட்டினாள். கடைசியில் குழாயை விட்டுவிட்டார்கள். புறம்போக்கில் வேலி வந்தது. வேலிக்குள் கேட்பாரில்லாத தண்ணீர் இரவும் பகலுமாகப் பள்ளத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் சுரங்கத்தில் பெரிய மோட்டார்களும் இறைத்துக்கொண்டே இருந்தன.

அதற்கு அடுத்த கோடையில் அக்காவின் கழனிக் குழாய் இளைத்தது. விளிம்பில் நின்று வழிந்ததே தவிரக் கொட்டவில்லை. ஊரில் ஒருவரிடம் இரும்பு அறுக்கும் ரம்பம் இருந்தது. அவர் வந்து குழாயை மேலே ஒரு முழம் அறுத்து எடுத்தார். தண்ணீர் பழையபடி குபுகுபுவென்று கொட்டியது. எல்லோருக்கும் சிரிப்பு. குழாய் ரொம்ப உயரமாக நின்றுவிட்டது, அதுதான் கோளாறு என்று முடிவாயிற்று. அப்புறம் ரம்பக்காரர் கழனி கழனியாகப் போனார். அறுத்த துண்டை மாமா கன்றுக்குட்டி கட்ட முளையாக அடித்தார். மறு வருஷம் இன்னொரு முழம். அதற்கு அடுத்து வருஷத்துக்கு இரண்டு தடவை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி கீழ போவுதுக்கா. நீங்க அது பின்னாடியே குழாயக் கொண்டுபோறீங்க."

"வருதா இல்லியா? அதச் சொல்லு."

"வருது."

"அப்பறம் என்னா. வர்ற தண்ணிய வராதுன்னு சொல்ற வாயி உருப்படாது."

கொட்டகைக்கு வந்தால் அங்கே வேறு விதமான வழக்கு. எழுபதுகளில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள், எங்களுக்கு ஆர்டர் குவிந்தது. டீ குடிக்கும் நேரத்தில் இதே பேச்சுத்தான். சூளை பார்க்கிற அண்ணன் ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டார்.

"உங்க அக்கா ஒருத்திக்காவ சில்லாவே இருட்டுல கெடக்கணுமாம்மா?"

"வேணாண்ணே. சில்லாவுக்கெல்லாம் வெளக்கு எரியறதுக்கு எங்க அக்கா ஒருத்தி காயணுமா?" என்றேன்.

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். நான் போய் ஃபியூஸ் கட்டையைத் துடைக்க உட்கார்ந்தேன். அன்றைக்குத் துடைத்ததில் பாதி உடைந்துபோயிற்று.

ஊருக்குக் கரண்டு வந்தது. வசதி இருந்தவர்கள் மோட்டார் வைத்து இன்னும் ஆழத்திலிருந்து இழுத்தார்கள். அக்காவின் குழாய் தரை மட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அறுக்க எதுவும் இல்லை என்று நான் நினைத்தேன். அவர்கள் குழாயைச் சுற்றிக் குழி வெட்டினார்கள். குழிக்குள் இறங்கி அறுத்தார்கள். அடியில் தேங்கும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மேலே கொடுத்து வாய்க்காலில் ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் குழி பெரிதாகியிருக்கும், இறங்குவதற்குப் படி ஒன்று கூடியிருக்கும். நட்ட கழனி பாதியாகி, கால்வாசி ஆனது. மாமா சுரங்கத்தில் மண் வெட்டப் போனார். அக்கா மட்டும் விடவில்லை. அந்தக் கால்வாசியாவது விளையட்டும், வீட்டு நெல்லைத்தான் குத்தித் தின்பேன் என்று நின்றாள்.

ஒரு ஆடி மாதம் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். நாற்றங்கால் பழுத்துக் கிடந்தது. குழிக்குள் ரம்பக்காரர் இருந்தார், அப்போதுதான் அறுத்து முடித்திருந்தார். மேலே வந்து, "இன்னும் ஒரு சாண் அறுக்கலாம், ஆனா பிரயோசனம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அக்கா குழிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள். இறங்கினேன். இரண்டு பக்கமும் செம்மண் தலைக்கு மேலே நின்றது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருந்தது. குழாயின் வாய் காய்ந்து கிடந்தது.

"கைய வச்சிப் பாருடி."

உள்ளங்கையை வைத்தேன். தண்ணீர் இல்லை, ஈரமும் இல்லை. மெதுவாக, விடாமல், என் கையைக் குழாய் உள்ளே இழுத்தது. பயந்துபோய்க் கையை எடுத்தேன். அக்கா ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிக் குழாயின் வாயில் வைத்தாள். அது ஒரு தரம் நடுங்கி உள்ளே போயிற்று. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"காத்து போவுது. காலையிலேருந்து இப்படித்தான் இழுக்குது. இதுக்கு என்னா அர்த்தம்?"

அடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது, அது விட்ட இடத்துக்குக் காற்று போகிறது என்று எனக்குத் தெரியும். அக்கா ஒரு பழைய சாக்கைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தாள். கையால் அல்ல, குதிகாலால் அழுத்தித் திணித்தாள். பிறகு படியேறி வந்து வரப்பில் நின்று சேலையை உதறிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒங்க கொட்டாயில ஆளு எடுக்கறாங்களாடி? தொடைக்கிற வேலதான? ஒரு வாரத்துல நானும் கத்துக்குவேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கொட்டகையில் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.