திரும்பாத வளையல்கள்

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்ததும், சகாயராணி சுருளிப்பட்டியிலிருந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள் புருஷன் வீட்டில் விடைபெறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். திராட்சைத் தோட்டத்தில் நாளெல்லாம் நின்று குலை வெட்டுகிறவள். அவளுடன் ஆண்டிபட்டியில் படித்தவள் நான். வடக்கே சுற்றிவிட்டு அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்தேன்; ஆண்டிபட்டித் தாய்வீட்டுக்கு அவளை அழைத்துப்போன காரில் நானும் இருந்தேன்.

உத்தமபாளையம் தாண்டியதும் ராணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“தலை பிளக்குதுடி.”

“பிரஷர் மாத்திரை போட்டியா?”

“நேத்து வேலையில மறந்துட்டேன், இன்னைக்கும் போடல. பை அங்கன அலமாரியிலயே இருக்கு. எடுக்கப் போனா அவுக என்ன தேடுறன்னு கேப்பாக. பதில் சொன்னா சொல்லிட்டுக் கிளம்புன மாதிரி ஆயிரும்ல?”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். காலையில் போட்ட கண்ணாடி வளையல்கள் வீங்கிய மணிக்கட்டில் இறுகிக் கிடந்தன. ஒன்றைக்கூடத் திருப்ப முடியவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் அத்தை” என்றேன்.

“நடுவழியில எறங்கக் கூடாது” என்றார் அவள் அம்மா பாக்கியம். “வீட்டுல எண்ணெய் பூசிச் செபிச்சா சரியாயிரும். ஊரு ஊரா சுத்துன ஒனக்கு என்னத்தா தெரியும்?”

தேனி நெரிசலில் கார் இருபது நிமிடம் நகரவில்லை. ராணி கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “கண்ணுக்குள்ள மின்மினி பறக்குது. இப்பிடிப் பறந்தா நிக்காம வரணும்னு நர்ஸம்மா சொன்னாக. டிரைவர் அண்ணே, க.விலக்கு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குள்ள திருப்புங்க.”

பாக்கியம் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்றார் டாக்டர். கையில் ஊசி ஏற்ற வளையல்களைக் கழற்ற வேண்டும். சோப்பு போட்டும் கழலவில்லை. நர்ஸ் உடைத்தபோது பாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வாரம் பாக்கியமும் ராணியும் மாற்றி மாற்றி நெஞ்சோடு அணைத்தே வளர்த்தார்கள். அடுத்த பிள்ளைக்கு மூன்று வருடமாவது போகட்டும் என்றார் டாக்டர். கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொண்டுதான் ராணி வீடு திரும்பினாள்.

நான் மறுபடியும் கிளம்பிவிட்டேன். மூன்று வருடம் தாண்டி, போன மாதம் ஊர் திரும்பும் ரயிலில் அவள் குரல்செய்தி வந்தது:

“ரெண்டாவதுக்கு அஞ்சாம் மாசம்டி. பிரஷர் நூத்திப்பதினெட்டு. தோட்டத்துக்குக் கிளம்பயில தெனமும் அவுகளே கேக்குறாக, மாத்திரை எடுத்தியான்னு. வளையல் நல்லாவே சுத்துது.”