கடவுள் மாடி டோர்கஸ்

ஆம்ப்ரோஸ் கெட்டில்வெல்லைப் பற்றி இதுவரை மூன்று புத்தகங்கள் வந்துவிட்டன. மூன்றையும் வாங்கிப் படித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு தியேட்டர் கட்டினாராம். கீழே ஒரு தூண்கூட இல்லாமல் மாடிகளைத் தொங்கவிட்டாராம். பக்கம் பக்கமாகப் புகழ்கிறார்கள். எழுதிய மகராசன்களில் ஒருவர்கூட எங்கள் ஹார்ல்சி ஊருக்கு வந்து, எம்பரர் தியேட்டரின் சந்துக் கதவைத் திறந்து மேலே ஏறிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் டோர்கஸ் சக்டன் என்ற பெயர் ஏதாவது ஒரு மூலையில் இருந்திருக்கும்.

நான் எஃபி. எம்பரரில் பத்தொன்பது வருஷம் சீட்டு விற்றவள். டோர்கஸ் கேலரி வாசற்காரி.

முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்குக் கெட்டில்வெல் பளிங்கும் கம்பளமும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்தார். ஆறு பென்னி சீட்டுக்காரர்களுக்குச் சந்துக் கதவு, சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவர், எழுபத்தெட்டு மொட்டைக் கல்படி. மேலே போய்ச் சேர்ந்தால் கூரையில் வரைந்த தேவதைகளின் கால் விரல் கைக்கு எட்டும். அதனால்தான் அந்த உச்சிக் கேலரிக்குக் கடவுள் மாடி என்று பெயர். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். எங்கள் மீன் வாடை கீழே இருக்கும் பட்டுத் துணிகளில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

டோர்கஸ் சின்ன வயதில் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் வயிறு கிழித்தவள். விரலெல்லாம் கத்திக் கோடு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, முதல் உலகச் சண்டை ஆரம்பித்த வருஷம் கேலரிக் கதவில் வந்து நின்றாள். ஏறுகிறவர்களின் சீட்டைக் கிழிக்க வேண்டும். இறங்குகிறவர்களைக் கைக்குள் அடங்கும் பித்தளை எண்ணியால் ஒவ்வொன்றாக அழுத்தி எண்ண வேண்டும். ஏறிய தலையும் இறங்கிய தலையும் ஒத்துப் போனால்தான் கதவைப் பூட்டலாம். கெட்டில்வெல் தன் தியேட்டர்கள் எல்லாவற்றுக்கும் எழுதி வைத்துவிட்டுப் போன விதி அது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் கட்டிய மூன்றாவது தியேட்டர் டன்ஸ்டோவ் ஊரில் இருந்தது. அங்கே ஒரு நாள் எவனோ "தீ!" என்று கத்தினான். தீயும் இல்லை, புகையும் இல்லை. கேலரி ஜனம் மொத்தமும் படியில் உருண்டு வந்தது. கீழ்க் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. கூட்டம் அழுத்த அழுத்த அது மூடிக்கொண்டது. இருபத்தாறு பேர் செத்தார்கள். விசாரணையில் கட்டியவர் மேல் குற்றமில்லை என்றார்கள். தேநீர் குடிக்க எழுந்து போன கிழட்டு வாசற்காரன் தலையில் எல்லாப் பழியும் விழுந்தது. கெட்டில்வெல் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அவர் கட்டிய எல்லாத் தியேட்டரிலும் கதவுகள் வெளிப்பக்கம்தான் திறந்தன. முதல் நாள் காட்சிக்கு மேயர் பக்கத்தில் உட்கார மாட்டார். கேலரி ஏறி, கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவார். எல்லாரும் போன பிறகு, கடைசி ஆளாக இறங்குவார். 1911இல் செத்துப் போனார். அந்தச் சுவரோர இடத்தில் ஹார்ல்சிக்காரர்கள் யாரும் உட்காருவதில்லை. வெளியூர்க்காரன் தெரியாமல் உட்கார்ந்தால், "எழுந்திரு தம்பி, அங்க ஆள் இருக்கு" என்று பக்கத்தில் இருப்பவர்களே எழுப்பிவிடுவார்கள்.

டோர்கஸின் எண்ணிக்கை எப்போதும் ஒன்று கூடுதலாகவே வரும். இருநூறு பேர் ஏறினால் இருநூற்றொன்று இறங்கும். கூட்டம் நசுக்காமல் இருக்க அவள் திறந்த கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று, காலடிச் சத்தத்தை வைத்தே எண்ணுவாள். பார்த்தால் தப்பும், கேட்டால் தப்பாது என்பாள். எல்லாரும் போய்ச் சந்து காலியான பிறகு, மேலேயிருந்து ஒரு ஜோடிக் கால் நிதானமாக இறங்கி வரும். எங்கள் ஆட்கள் போடும் கட்டைச் செருப்பின் சத்தம் இல்லை அது, நல்ல தோல் காலணி. அவளைத் தாண்டும்போது கதவிடுக்கு வழியாக ஈரக் காற்று ஒன்று முழங்காலில் படும். அவள் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "போயிட்டு வாங்க சார்" என்பாள். ஒரு முறை நானும் அவளோடு நின்று கேட்டேன். அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கமே போகாமல் சுற்று வழியில்தான் வீட்டுக்குப் போனேன்.

1930இல் ரட்ஜ் என்று ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். சிடுமூஞ்சி. தினமும் ஒன்று கூடுவதைப் பார்த்துக் கொதித்துப் போனார்.

"யாரையோ ஓசியில ஏத்துற, சக்டன். என்கிட்ட உன் பேய்க்கதை எல்லாம் வேண்டாம்."

"ஏத்தல சார். எறங்குறாரு, எண்ணுறேன். வந்தவரை எண்ணாம எப்படி விடறது?"

நான்கூடச் சொன்னேன். "ஒண்ணக் கொறைச்சு எழுதுங்களேன் டோர்கஸ். யாரு வந்து பாக்கப் போறா?"

"கொறைச்சு எழுதிப் பழகிட்டா, நெசமாவே ஒரு ஆள் கொறையற அன்னிக்குத் தெரியாமப் போயிடும் புள்ள" என்றாள். அழுத்தக்காரி. எனக்கு எரிச்சலாக வந்தது.

மறு வருஷம் ஜனவரி, கிறிஸ்துமஸ் பாட்டு நாடகத்தின் கடைசி சனிக்கிழமை. மத்தியானக் காட்சிக்கு முன்னால் ரட்ஜ் என் ஜன்னலுக்கு எதிரிலேயே டோர்கஸை நிறுத்திச் சொன்னார். "இன்னிக்கும் கணக்கு ஒதைச்சா திங்கக்கிழமை வேலைக்கு வராதே." அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வேலையை விட்டால் மீன் கொட்டகைதான்.

அன்று கடவுள் மாடிக்கு இருநூற்றுப் பதின்மூன்று பேர் ஏறினார்கள். அதில் என் மகள் லெட்டியும் ஒருத்தி. ஆறு வயது. பக்கத்து வீட்டு மிசஸ் ஃபாசெட் தன் நாலு பிள்ளைகளோடு அவளையும் கூட்டிப் போயிருந்தாள்.

நாலே முக்காலுக்குக் காட்சி முடிந்தது. கொஞ்ச நேரத்தில் டோர்கஸும் ரட்ஜும் என் ஜன்னலுக்கு வந்தார்கள். ரட்ஜ் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா எஃபி? ஏறினது இருநூத்திப் பதிமூணு, எறங்கினதும் இருநூத்திப் பதிமூணு. வேலை போயிடும்னதும் பேய் ஊரைக் காலி பண்ணிடுச்சு!"

டோர்கஸ் முகத்தில் ரத்தமே இல்லை. "சரியா இருக்கு சார். அதான் தப்பு" என்றாள்.

"என்ன உளர்றே?"

"கடைசிப் பாட்டு முடியறதுக்குள்ளயே அவரு வந்துட்டாரு சார். மொத ஆளா, ஓடி வந்தாரு. பதினேழு வருஷத்துல அவரு ஓடிக் கேட்டதில்ல. கதவைச் செவுத்துல அடிச்சுட்டுப் போனாரு. பழக்க தோசத்துல அழுத்திட்டேன். அப்புறந்தான் கூட்டம் எறங்குச்சு. அவரைக் கழிச்சா இருநூத்திப் பன்னெண்டு. ஒரு ஆள் மேலயே இருக்கு."

ரட்ஜ் கணக்குத் தாளை அவள் முன்னால் தள்ளினார். "கையெழுத்தைப் போட்டுட்டு சாவியைக் குடு. கணக்கு சரி. வேலை உனக்குத்தான். படியேறினா வேலை இல்ல."

அவள் தாளைப் பார்த்தாள். அப்புறம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்துப் பக்கம் நடந்தாள்.

"விடுங்க சார், கெட்டில்வெல்லுக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடுத்துட்டு வரட்டும்" என்றேன் நான். ரட்ஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முட்டி வலியோடு எழுபத்தெட்டுப் படி ஏறி, அவள் திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கையில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் பச்சைக் கம்பளித் தொப்பிதான் என் கண்ணில் பட்டது. நான் பின்னின தொப்பி.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்று காலால் தட்டிப் பாடியிருக்கிறார்கள். லெட்டி உருண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைத் தேடிக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் புகுந்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் தலைகீழாகச் சிக்கிவிட்டாள். கோட்டுக் காலர் கழுத்தை இறுக்கியிருந்தது. உதடெல்லாம் நீலம். என்னிடம் போய்விட்டாள் என்று மிசஸ் ஃபாசெட் நினைத்தாள். மிசஸ் ஃபாசெட்டோடு வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நான் நினைத்தேன்.

இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் பிள்ளை இல்லை என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள்தான் லெட்டிக்குக் குரல் திரும்பியது. முதலில் கேட்டது, "அந்த சார் எங்கம்மா?"

"எந்த சார்?"

"ஓரமா உக்காந்திருந்தாரே, அவருதான். என்னைப் புடிச்சு இழுத்து இழுத்துப் பாத்தாரு. அவரு கைக்கு நான் அகப்படவே இல்ல. அழுதாரும்மா. ஆள் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு ஓடினாரு."

அன்று வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்குக் குளிர் விடவே இல்லை.

நகரசபையிலிருந்து கேள்வி வந்தது. கேலரியில் பிள்ளை எப்படி மாட்டியது, லைசென்ஸை ஏன் பிடுங்கக் கூடாது என்று. ரட்ஜ் ஒரு அறிக்கை எழுதினார். வாசற்காரி சக்டன் தப்பாக எண்ணினாள், மேனேஜர் சந்தேகப்பட்டு ஆள் அனுப்பித் தேடினார் என்று. பார்த்த சாட்சி என்று என் பெயர் போட வேண்டும்.

"அம்மாவே சொன்னா நகரசபை நம்பும், எஃபி" என்றார். "உன் புருஷனுக்குக் கப்பல் பட்டறையில வேலை போயிடுச்சாமே?"

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

டோர்கஸை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி மீன் கொட்டகைக்குப் போனாள். சாயங்காலத்தில் துறைமுகச் சாலையில் எதிரே வருவாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் விட மாட்டாள். "புள்ள தூங்கறப்ப மூச்சுல சத்தம் வருதா?" என்பாள். "இல்ல டோர்கஸ்" என்பேன். "காலர் இல்லாத கோட்டா தைச்சுப் போடு" என்று சொல்லிவிட்டுப் போவாள். பதினோரு வருஷம், எப்போது பார்த்தாலும் இதே கேள்விதான். ஒரு தடவையாவது நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். "டோர்கஸ், அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நாந்தான்" என்றேன்.

"தெரியும் புள்ள. ரட்ஜ் என்னை நிக்க வெச்சுத்தான் வாசிச்சாரு" என்றாள். "என்னைப் பத்தி எழுதினதையெல்லாம் நின்னுட்டேதான் கேட்டேன். கீழ உன் பேரைப் படிச்சப்ப மட்டும் உக்காந்துட்டேன்."