நடுங்குவது கையா, காரா

படகுத்துறைக்கு இறங்கும் மலைச்சாலையில் குட்வெய்க் பிரேக்கை அழுத்தினாள். ஸ்டியரிங் படபடவென்று உதறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் ஹோவார்ட் சாலையைப் பார்க்கவில்லை. அவள் கைகளைத்தான் பார்த்தான்.

"அம்மா, உன் கை நடுங்குது."

"நடுங்குறது காருடா."

"போன வருஷம்தானே நானே புது பிரேக் டிஸ்க் போட்டுக் குடுத்தேன்? காருக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம் காப்பி ஊத்துறப்பவே பாத்தேன், மேசையெல்லாம் சிந்துச்சு."

காப்பி சிந்தியது உண்மை. எழுபத்தெட்டு வயதில் கை கொஞ்சம் ஆடத்தான் செய்தது. மகன் அதோடு விடவில்லை. டாக்டரிடம் பேசிவிட்டானாம். சனிக்கிழமை வந்து கூட்டிப்போவானாம். காரை விற்றுவிடலாமாம். பெர்கன் நகரத்தில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் காலியாக இருக்கிறதாம், லிஃப்டோடு.

"எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள். ஃபெரி வந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். அவள் கையசைக்காமல் வண்டியைத் திருப்பினாள்.

இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. இளவயதில் பால்பண்ணை லாரிக்கு ஆள் வேண்டும் என்றபோது அவள் போய் நின்றாள். "பால் நிறைஞ்ச டேங்கோட இந்த இறக்கத்துல பிரேக் மிதிக்கப் பொம்பளைக் காலுக்குத் தெம்பு ஏது?" என்று சிரித்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து ஓட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகு இருபத்துச் சொச்சம் குளிர்காலம், பனியோ சறுக்கலோ, கணவாய்க்கு இந்தப் பக்கத்துப் பாலெல்லாம் அவள் லாரியில்தான் போனது. சிரித்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் மகன் சொன்னது முள்ளாய்க் குத்தியது. ஒருவேளை கைதானோ? தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை மலைகளுக்கிடையே நீண்டு கிடந்த ஃபியோர்டுக் கடலை ஒட்டிய சமதளச் சாலையில் காரை விரட்டினாள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கல்லைப்போல் அசையாமல் நின்றது. சக்கரத்தில் கோளாறு இருந்தால் இங்கேயே ஆடியிருக்க வேண்டும். பிரேக்கைத் தொட்டாள், உதறல் வந்தது. வேகம் குறையக் குறைய உதறலும் நிதானமாகி, நிற்கும் நேரத்தில் அடங்கிவிட்டது. கிழவியின் கைக்குக் கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எப்படித் தெரியும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, மெல்ல ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஒரு ஆட்டமும் இல்லை. அப்படியானால் கோளாறு முன்பிரேக்கில்.

கொட்டகையில் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினாள். பக்கத்து வீட்டு போர்கில்ட், செத்துப்போன தன் கணவரின் பெட்டியிலிருந்து, மயிரிழைக் கோணலையும் ஊசியில் காட்டும் டயல் கேஜை எடுத்துவந்தாள். அதன் முனையை டிஸ்கின் முகத்தில் பொருத்தப் பார்த்த குட்வெய்க்கின் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை நழுவியது.

"அடியே, கை இப்படி ஆடுதே!" என்றாள் போர்கில்ட்.

"ஆடட்டும். நீ வச்சுக் குடு. அப்புறம் யாரும் அதைத் தொட வேண்டாம்."

போர்கில்ட் பொருத்தினாள். குட்வெய்க் டிஸ்கை மெல்லச் சுழற்றினாள். இடப்பக்கம் ஊசி அசையவே இல்லை. வலப்பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி குதித்தது. அந்த டிஸ்கைத் தட்டிக் கழற்றினாள். அடியில், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில், பனி உருகச் சாலையில் தூவும் உப்பால் வந்த துரு பொருக்காய் ஒட்டியிருந்தது. யாரும் அதைச் சுரண்டவே இல்லை. புது டிஸ்க் அதன்மேல் மயிரிழை கோணலாக உட்கார்ந்து, சுற்றும்போதெல்லாம் பிரேக் பேடில் உரசி உரசி, ஒரு பக்கம் தேய்ந்துபோயிருந்தது. போன வருஷம், நடுக்கோடைத் திருவிழாத் தீமூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவசர அவசரமாக மாட்டியவன் ஹோவார்ட்.

"போன் பண்ணிச் சொல்லேன்" என்றாள் போர்கில்ட்.

"போன்ல சொன்னா நம்ப மாட்டான்." துருவைத் துடைக்காமல், எல்லாவற்றையும் இருந்தபடியே திரும்ப மாட்டினாள்.

சனிக்கிழமை ஃபெரியிலிருந்து இறங்கியவனிடம் சாவியை நீட்டினாள். "நீ ஓட்டு. மேல போய்த் திரும்பி இறங்கு."

இறக்கத்தில் அவன் பிரேக் மிதித்தான். ஸ்டியரிங் அவன் கைகளில் உதறியது.

"ஐயையோ, உனக்குமா?" என்றாள். "டாக்டர்கிட்ட ரெண்டு பேருக்குமா நேரம் வாங்கியிருக்கலாமேடா!"

அவன் முகம் சிவந்தது. கொட்டகையில் துருவைப் பார்த்ததும், "நான்தானே மாட்டுனேன்" என்று முணுமுணுத்தான்.

"நீதான்." அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கம்பி பிரஷை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு ஹப்பும் பளபளக்கும்வரை அவன் தேய்த்தான். அவள் வாங்கிவைத்திருந்த புது டிஸ்குகளை மாட்டினார்கள். கேஜைப் பொருத்தும்போது ஹோவார்ட் அவள் விரல்களைப் பார்த்துவிட்டான்.

"ஆனா கை நடுங்குறது பொய் இல்லையே, அம்மா."

"பொய்னு நான் எப்பச் சொன்னேன்? ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், சாவியை நானே வச்சுடுறேன். என் முதுகுக்குப் பின்னால நீ பேசி முடிச்சது எதுவும் செல்லாது."

அவன் தலையாட்டினான். டாக்டரிடம் அவளே ஓட்டிப் போனாள். அவன் பக்கத்தில் சாலையைப் பார்த்தபடி வந்தான். டாக்டர் விரல்களை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணைச் சோதித்தார். ஓட்டுவதற்கு இந்த நடுக்கம் தடையில்லை, அடுத்த வருஷம் திரும்ப வாருங்கள் என்றார்.

"வருவேன்" என்றாள் குட்வெய்க். அது மிரட்டல் போலத்தான் இருந்தது.

மகனை ஃபெரியில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு நேர்வழியில் திரும்பாமல் கணவாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா, போகத் தோன்றியது, போனாள்.